மனநலக் கூட்டத்தில் ஒரு குட்டித் தூக்கம்

அலுவலக வேலை வீட்டுக்கே வந்த புதிதில் ஹெச்.ஆர். மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் இடிபட வேண்டாம், செருப்புத் தேய வேண்டாம். படுக்கையறை ஜன்னலோரம் மடிப்பு மேசை போட்டு மகாராணி மாதிரி உட்கார்ந்தார். இப்போது அந்த மேசையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. படுத்தால் மேசை கண்ணை உறுத்துகிறது, உட்கார்ந்தால் கட்டில் கூப்பிடுகிறது. இரண்டிலும் நிம்மதி இல்லை.

வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று கேஸ்காரர் முதல் கூரியர்காரர் வரை எல்லாரையும் மாமியார் அவர் தலையில் கட்டினார். மேலாளரிடம் ஒரு வாரம் லீவு கேட்டதற்கு, வீட்டிலேயே இருப்பவருக்கு லீவு எதற்கு என்று அந்த மனிதர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் வயிற்றெரிச்சல். திரையில் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தால் போதும், ஆள் சிக்கிவிட்டார் என்று உடனே அவரிடமிருந்து அழைப்பு வந்துவிடும். கூட்டத்தில் இருந்தால் புள்ளி சிவப்பாகும். அந்த நேரம் மட்டும்தான் மூச்சுவிட முடியும்.

இதில் வேடிக்கை, ஊழியர்கள் சோர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் இவர் பொறுப்புதான். வெள்ளிக்கிழமை மதியம் திரைவழியே மனநலக் கூட்டம். அன்றைக்கு எல்லாரையும் கண்ணை மூடி மெதுவாக மூச்சை இழுக்கச் சொன்னார். தானும் மூடினார். அவ்வளவுதான், ஆள் அவுட்.

விழித்தபோது மேசையில் வெயில் இல்லை. கன்னத்தில் கீபோர்டு தடம். பதறிப்போய்த் திரையைப் பார்த்தார். ஒருவரும் போகவில்லை, தன்னுடையதைத் தவிர எல்லா மைக்கும் அணைந்திருந்தது. கிடங்குக் கணக்கர் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார். கைக்குழந்தைக்காரி மேசையில் தலை சாய்த்திருந்தாள். மற்றவர்களும் அப்படியேதான். கணக்குப் பிரிவு அக்கா மட்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேடத்துக்கு மானமே போயிற்று. தன்னை எழுப்பாவிட்டாலும் எல்லாரும் கிளம்பியிருக்கலாமே என்று முனகினார்.

"நாங்க போனா கூட்டம் தானா முடிஞ்சிடும் மேடம்," என்றார் அக்கா, தன் மைக்கைப் போட்டு, தணிந்த குரலில். "உங்க புள்ளி பச்சையாயிடும். மேலாளர் கூப்பிடுவார். அதான் இருந்தோம். இருந்து இருந்து இவங்களும் தூங்கிட்டாங்க."

சொந்த வீட்டில்கூட மேடத்துக்காக யாரும் ஒரு கதவைச் சாத்தி வைத்ததில்லை.

கைபேசி அதிர்ந்தது. மேலாளர்தான். இவ்வளவு நேரமாக அப்படி என்ன கூட்டம் என்று கேட்டார்.

"இன்னும் முடியல சார். சாயங்காலம் வரைக்கும் போகும்," என்று சொல்லிப் போனை வைத்தார் மேடம். பிறகு திரையில் இருந்த அக்காவைப் பார்த்தார்.

"நீங்க படுங்கக்கா. நான் முழிச்சிருக்கேன்."