சரசு கல்லாக இருந்த வாரம்

என் மகள் வயிற்றுப் பேத்தி, காதில் வடை மாதிரி இரண்டை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் இந்த உலகத்தில் இருக்க மாட்டாள். எந்தெந்த ஊரிலோ இருக்கும் நாலு பேரோடு சேர்ந்து ஒரு மாய நாட்டில் சண்டை போடுவாள். அவர்கள் பேசுவது தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. அவர்களாகவே உண்டாக்கிக்கொண்ட பாஷை. போன வாரம் சாப்பிடக் கூப்பிட்டேன். "இரு அமுச்சி, நான் செத்துட்டேன். மூணு நிமிசத்துல எந்திரிச்சிருவேன்" என்றாள்.

மூணு நிமிஷம் என்பது எவ்வளவு பெரிய சலுகை என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் நாட்டில் செத்தால் வார லீவு வரும்வரை எழுந்திருக்க முடியாது.

அந்தக் கம்ப்யூட்டர் சூடானால் ஒரு வாசம் வரும். தூசியும் சூடும் கலந்த வாசம். அதோடு கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எங்கள் மில் வந்துவிடும். தொண்ணூறுகளில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில், கோன் வைண்டிங்கில் இருந்தேன். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே நூல் ஓடுவதைப் பார்க்கிற வேலை. அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், அவ்வளவுதான். இப்படியே இருந்தால் மாடு கூடப் பைத்தியமாகிவிடும்.

ஒருநாள் பக்கத்து மிஷின் ஸ்டெல்லாவின் தலையில் பஞ்சு தூசி அப்பியிருந்தது. "பனி கொட்டுது சாமி, கம்பளி போத்திக்க" என்று கத்தினேன். அவள் "ஆத்தத் தாண்டி வாரேன், கம்பளி குடுங்க" என்று இரண்டு மிஷினுக்கும் நடுவில் இருந்த நடைபாதையைத் துணியைத் தூக்கிக்கொண்டு தாண்டினாள். அன்றைக்கு அந்த நாடு பிறந்தது. நடைபாதை ஆறு. தூசி பனி. நூல் அறுந்தால் பாலம் போச்சு. கக்கூஸ் குகை. எங்கே நின்றாலும் எல்லாப் பக்கமும் பார்க்கிற சூப்பர்வைசருக்கு மூணுதலை என்று பேர். அவருக்கு முன்னாலேயே பேசுவோம், ஒன்றும் புரியாது.

ஆளுக்கு ஒரு வேஷம் உண்டு. ஸ்டெல்லா கொள்ளைக்காரி. நான் கதையை ஓட்டுகிறவள், அதாவது கிட்டத்தட்ட சாமி. சாப்பாட்டு நேரத்தில் கதையை இழுத்துக்கொண்டு போய் யாரையாவது ஒரு பூதத்தின் முன்னால் நிறுத்துவேன். ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த மூணு புளியங்கொட்டையை அவள் போட வேண்டும். இரண்டு வெள்ளை விழுந்தால் பிழைத்தாள். இல்லாவிட்டால் செத்து, வார லீவு வரும்வரை கல்லாகிவிடுவாள்.

கல்லோடு யாரும் பேசக் கூடாது. பேசினவளும் கல். அதனால் கல்லானவள் எங்களைப் பேச வைக்க என்னென்னவோ செய்வாள். ஸ்டெல்லா ஒருமுறை தண்ணீர்க் குழாயடியில் மயங்கி விழுகிற மாதிரி விழுந்தாள். நான் பதறிப்போய் அவள் பேரைச் சொன்னதுதான் தாமதம், எழுந்து உட்கார்ந்து கைதட்டினாள். நாலு நாள் நான் கல். அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவரச் சொல்லி என் வீட்டுக்காரர் கெஞ்சினார்.

அந்தச் சமயம் மில்லை மூடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஆபீசில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அதற்கு இதற்கு என்று ஏதாவது சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு பார்த்தால் 'நானாகவே வேலையை விட்டு நிற்கிறேன்' என்று அதில் எழுதியிருக்கும். எங்களில் எட்டாவது படித்தவள் ஸ்டெல்லா ஒருத்திதான். நான் மூணாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவள். எந்தக் காகிதம் வந்தாலும் ஸ்டெல்லா படித்துச் சொன்ன பிறகுதான் கை நாட்டு என்று குழாயடியில் பேசி முடிவு செய்திருந்தோம்.

எனக்கு எதிர் மிஷினில் இருந்த சரசுவுக்கு எங்களைவிடப் பயம் அதிகம். புருஷனுக்குக் கால் விளங்காது. மில் லைன் வீட்டில் குடியிருந்தாள். வேலை போனால் வீடும் போகும். மூத்த பெண் அந்த வருஷம் பத்தாவது பரீட்சை எழுத வேண்டும். இத்தனை இருந்தும் வாய் மட்டும் அடங்காது. அந்தச் செவ்வாய்க்கிழமை எல்லோர் முன்னாலும், "சாமி வேசம் கட்டிக் கட்டி அக்காளுக்கு நெசமாலுமே கொம்பு மொளச்சிருச்சுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. ஊரையே கேலி பேசுகிறவளுக்குத் தன்னைப் பேசினால் தாங்காது, பாருங்கள்.

அன்று சரசு போட்ட கொட்டையில் இரண்டு வெள்ளை விழுந்தது. சோற்றுத் தூக்குப்போசியை எடுக்கிற மாதிரி நகர்ந்து, கால் கட்டைவிரலால் ஒன்றைத் திருப்பிவிட்டேன்.

"கல்லு" என்றேன்.

வியாழக்கிழமை அவளை ஆபீசில் கூப்பிட்டார்கள். கையில் ஒரு காகிதத்தோடு திரும்பி வந்தாள். "அக்கா, ஊட்டு ஓடு மாத்தறதுக்குங்கறாங்க. எனக்கென்னமோ சந்தேகமா இருக்குதுங்க" என்றாள்.

நான் காதைப் பொத்திக்கொண்டேன். "ஏ ஸ்டெல்லா, கல்லு பேசறாப்பல இருக்குதே."

"கல்லு எங்கீங்க்கா பேசும்? காத்தடிக்குதுங்க" என்றாள் ஸ்டெல்லா.

சரசுவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் எங்களை ஏமாற்றியது. காகிதத்தை ஸ்டெல்லாவின் முகத்துக்கு நேராக நீட்டி, "ஒருக்கா படிச்சுச் சொல்லு கண்ணு, ரெண்டு மணிக்குள்ள வேணுமாம்" என்றாள். ஸ்டெல்லா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"போன தடவ மயக்கம், இந்தத் தடவ காயிதமா? நல்லா நடிக்குது இந்தக் கல்லு" என்றேன் நான், மேலே கூரையைப் பார்த்து.

சரசு நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பிறகு காகிதத்தை மடித்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் நடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வாட்ச்மேன் அவளை உள்ளே விடவில்லை. அவளுக்குக் கொடுத்த நகலை கேட் ஓரத்தில் வைத்து ஸ்டெல்லா படித்தாள். தானாகவே வேலையை விடுவதாகவும், ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்வதாகவும் இருந்தது. சங்கத்துக்காரரிடம் ஓடினோம். "கை நாட்டு வெச்சாச்சுங்களே, இனி என்னத்தப் பண்றது" என்றார்.

அதற்கப்புறம் வந்த திங்கட்கிழமை என் மிஷினில் நூல் அறுந்தது. "நூல் அந்துருச்சுங்க்கா" என்றாள் ஸ்டெல்லா, என் முகத்தைப் பார்க்காமல். அதோடு அந்தப் பாஷை தீர்ந்தது.

சரசு குடும்பம் சோமனூருக்குப் போனது. நாலு மாதம் கழித்துத்தான் எனக்குப் போகத் தைரியம் வந்தது. விசைத்தறிக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தாள். மூத்தவள் பரீட்சை எழுதவில்லையாம், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறாளாம். நான் திக்கித் திக்கி என்னவோ சொல்ல ஆரம்பித்தேன்.

"நீங்க கால்ல கொட்டயத் திருப்புனத நான் பாத்தனுங்க்கா" என்றாள்.

"பாத்துட்டு ஏஞ் சாமி சொல்லுல?"

"சொன்னா ஆட்டம் போயிருமுங்களே."

திட்டியிருக்கலாம். டீ வாங்கிக் கொடுத்துத்தான் பஸ் ஏற்றி அனுப்பினாள்.

மில் அப்புறம் இரண்டு வருஷம் ஓடிவிட்டு நின்றுபோனது. மிஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். லைன் வீடுகளை இடித்து, இப்போது அங்கே அடுக்குமாடி நிற்கிறது. ஸ்டெல்லா சர்க்கரையில் போய்ச் சேர்ந்தாள். சரசு இருமி இருமியே போனாள்.

சரசுவின் துக்கத்துக்குப் போயிருந்தபோது மூத்தவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கே தலை நரைத்துவிட்டது.

"மில்லுல உங்களுக்கெல்லாம் ஒரு நாடே இருந்துதுன்னு அம்மா சொல்லுவாங்க. அங்க அம்மா யாருங்க? கேட்டா சிரிச்சுக்குவாங்க, சொல்ல மாட்டாங்க."

யோசித்துப் பார்த்தேன். ஸ்டெல்லா கொள்ளைக்காரி. அது ஞாபகம் இருக்கிறது. சரசு யார்? வைத்தியச்சியா, படகுக்காரியா? எவ்வளவு துழாவினாலும் கல் ஒன்றுதான் வந்தது.

"உங்கம்மாதான் கண்ணு ராணி" என்றேன்.

எங்கள் நாட்டில் ராணியே கிடையாது. வைத்தால் அவளும் வேலை வாங்குவாள் என்று யாரையும் வைக்கவில்லை.

"நெசமாலுங்களா?" என்றாள் அவள்.

ஆமாம் என்றேன். இல்லை என்று சொல்ல ஆள் யாரும் மிச்சமில்லை.