கழிவு உண்டு

அத்தைக்கு சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டிப் பகுதியில் வேலை. கடை மூடும் நேரத்தில் விற்காத ரொட்டியை மூட்டை மூட்டையாகக் குப்பையில் கொட்டிக் கொட்டி அவளுக்கு வயிறெரிந்தது. மேனேஜரைக் கரையாய்க் கரைத்து, "என் அண்ணன் பொண்ணு டிசைன் படிக்கறா சார், அவ ஒரு வழி பண்ணுவா" என்று மருமகளை உள்ளே கொண்டுவந்து விட்டவளும் அவள்தான்.

மருமகள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு ஸ்டிக்கர் செய்தாள். அன்றைக்கே விற்றாக வேண்டிய ரொட்டிக்கு விலையைக் குறைத்து, மேலே ஒட்டுவதற்கு. முதல் வரி, 'கழிவு உண்டு'. அடுத்த வரி, 'கழிவு இல்லை'. விலையில் கழிவு உண்டு, குப்பைக்குப் போகும் கழிவு இல்லை என்று அர்த்தம். ஒரே சொல்லை தோசை மாதிரித் திருப்பிப் போட்ட பெருமையில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்லூரியில் எல்லாரும் கைதட்டினார்கள். ரொட்டிப் பாக்கெட்டை மட்டும் அவள் ஒருதரம்கூட அளந்து பார்க்கவில்லை.

ஒட்டிப் பார்த்தால் ஸ்டிக்கர் தேதியை மறைத்தது. தேதி மறைந்தால் கடைக்கு வம்பு. அத்தை போன் போட்டாள்.

"கண்ணு, கீழ் வரிய நறுக்கிடட்டுமா? மேல இருக்கறதே போதுமே, ஜவுளிக்கடையில போடற மாதிரி."

மருமகள் கணினியில் எதற்கோ நிறம் தேடிக்கொண்டிருந்தாள். "ம்... நறுக்கிடுங்க அத்தை."

மறுநாள் காலையில் தட்டு முழுக்க, 'கழிவு உண்டு'.

குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒருவர்தான் முதலில் படித்தார். "என்னங்க இது, ரொட்டியில கழிவு இருக்குன்னு நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்க?"

"உண்மையச் சொல்லி விக்கறாங்க, பாவம்" என்றாள் பக்கத்தில் நின்ற அம்மாள்.

பேச்சு ரொட்டி வரிசையில் கிளம்பியது. சோப்பு வரிசையை எட்டுவதற்குள் ரொட்டிக்குள் ஒரு எலி வந்துவிட்டது. பணம் கட்டுமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எலிக்குக் கல்யாணமாகிப் பேரன் பேத்தியும் எடுத்தாகிவிட்டது. அன்று வந்திறங்கிய புது ரொட்டியைக்கூட ஒருவரும் தொடவில்லை.

சாயங்காலம் மேனேஜர் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் முழு ஸ்டிக்கர் ஒன்று, நறுக்கியது ஒன்று.

"யாரு நறுக்கினது?"

"நான்தான் சார்" என்றாள் அத்தை.

"யாரைக் கேட்டு?"

அத்தை மருமகளைப் பார்த்தாள். போனில் பேசியது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். மருமகள் தரையைப் பார்த்தாள். கல்லூரி, கைதட்டல், கெட்டிக்காரி என்ற பெயர், எல்லாம் கண்முன் வந்து நின்றன.

"படிச்ச பொண்ணு பண்ணினத இப்படிக் கெடுத்து வெச்சிட்டீங்களேம்மா. நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

"சார்!" அப்போதுதான் மருமகள் நிமிர்ந்தாள். "என்னைக் கேட்டுதான் செஞ்சாங்க. நான்தான் நறுக்கச் சொன்னேன். அளவு எடுக்காததும் நான்தான்."

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நீ வர வேண்டாம். அவங்க இருக்கட்டும்."

கடையின் பின்வாசலில் மூட்டைகள் வழக்கத்தைவிட அதிகம். அத்தை ரொட்டியை அள்ளினாள்.

"அதான் சொல்லிட்டேனே அத்தை. இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"சொன்னே, இல்லேங்கல. அவர் என்னை வர வேண்டாம்னு சொல்ற வரைக்கும் தரையவே பாத்துக்கிட்டு நின்னியே, அங்க என்னடி டிசைன் தெரிஞ்சுது?"

மருமகள் அடுத்த பையை எடுத்து விரித்துப் பிடித்தாள். அத்தை அவள் முகத்தைப் பார்க்காமலே கொட்டினாள்.