தலைப்பை மறைத்துப் படித்தவர்

திசையன்விளை பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவருக்கு எழுபது வயதிருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா. நாளிதழை விரித்ததும் வலது உள்ளங்கையால் தலைப்பை மூடிக்கொண்டு, கீழே உள்ள செய்தியை முழுக்கப் படித்த பிறகே கையை எடுத்தார். அந்தக் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லை.

நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவரே சொன்னார்.

"பத்திரிகையில தலைப்பு போடுத வேலை பாத்தேன் வே. பேட்டையில ஒரு ரவுடிய வெட்டிட்டானுவன்னு போன் வந்துது. நம்ம ஊர்ல வெட்டுன்னா, பிழைச்சானான்னு எவன் கேக்கான்? 'ரவுடி வெட்டிக் கொலை'ன்னு போட்டுட்டேன்."

"அப்புறம் அண்ணாச்சி?"

"நாலாம் மாசம் கொலையுண்டவன் அருவாளோட ஆபீசுக்கு வந்தான். 'ஏலே, செத்தவன் மேல எந்தப் போலீஸ் கேஸ் போடும்?'னு கேட்டுக்கிட்டே ஓங்கினான். கழுத்துக்கு வந்தத கையால தடுத்தேன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கூத்து அதோட முடியல. மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்து நம்ம பேப்பரப் பாக்கேன். 'உதவி ஆசிரியர் வெட்டிக் கொலை'ன்னு இருக்கு! என் இடத்துல உக்காந்தவனும் யாரையும் கேக்கல."

"அவனைச் சும்மாவா விட்டீங்க?"

"இப்ப நானும் செத்தவன்தானே, அருவாளோட போயிரலாம்னுதான் இருந்தேன்." வலது கையை என் முகத்துக்கு நேரே விரித்தார். "எதால வே பிடிக்க?"

சிரித்தபடியேதான் கேட்டார். விரல் இருந்திருந்தால் போயிருப்பார் என்றுதான் இன்றுவரை எனக்குத் தோன்றுகிறது.