பின்கட்டில் இருந்த வேற்றுக்கிரகவாசி

பழைய புத்தகத்தைப் பிரித்ததும் கிளம்பும் அந்த மக்கல் நெடியிலேயே வளர்ந்து, மீசை முளைக்கும் முன்பே காரைக்குடியில் கிடைத்த விஞ்ஞானக் கதைகளையெல்லாம் படித்து முடித்தவன் நான். பொய். படித்தது என் அக்கா. முகர்ந்தது மட்டும் நான். மூன்றாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடமும் நானும் பேசிப் பிரிந்துவிட்டோம். இதைக்கூட நான் சொல்ல, என் மகள் எழுதுகிறாள். நடுநடுவே என் தமிழைத் திருத்திவிட்டு முறைக்கிறாள்.

அப்போது நாங்கள் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் இருந்தோம். வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில்; கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றி, வீட்டைப் பார்த்துக்கொள்வது அப்பா அம்மாவின் வேலை. விசேஷத்துக்கு அவர்கள் வந்து இறங்கினால் போதும், "நாம இருக்குற தடமே தெரியக் கூடாது" என்று அம்மா எங்களை அங்குட்டு இங்குட்டு அசைய விடமாட்டார். ஒரு இடத்தில் உட்கார்ந்தால் உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற எனக்கு அது சிறைவாசம். அப்படி அடைபட்டுக் கிடந்த நாட்களில்தான் செல்வி அக்கா, எடைக்குப் போட்ட புத்தகங்களிலிருந்து பொறுக்கி வந்த ஒரு கதையைக் காதோடு காதாக எனக்கு வாசித்துக் காட்டினாள்.

அதில் ஒரு "வேற்றுக்கிரகவாசி" வருவான். எனக்குத் தெரிந்த கிரகம் ஒன்றே ஒன்றுதான்: கிரகப்பிரவேசப் பத்திரிகையில் வருகிற கிரகம். கிரகம் என்றால் வீடு. வேற்றுக்கிரகவாசி என்றால் அடுத்தவர் வீட்டில் இருப்பவன். ஆகவே கதை எனக்குத் தெளிவாகவே புரிந்தது. எங்களைப் போல எவனோ ஒருவன் அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருக்கிறான். அவனைப் பிடிக்கப் பட்டாளமே துப்பாக்கியோடு வருகிறது. அவன் நெற்றியில் கொம்பு இருப்பதாக அக்கா வாசித்தபோதுகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. பாவம், வாசல் நிலையில் முட்டி வீங்கியிருக்கும் என்று நினைத்தேன்.

"ஏக்கா, பின்கட்டுல இருந்ததுக்கா சுடுறாக?" என்று நான் அழுதபோதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அட கூறுகெட்டவனே, இது வானத்துல இருக்குற கிரகம்டா. அவன் ஊரு அங்குட்டு இருக்கு."

விளங்கியது, ஆனால் தவிப்பு போகவில்லை. அவன் தன் வீட்டுக்குத் திரும்பிப் போவானா, மாட்டானா?

அது தெரிவதற்குள் அக்காவுக்குக் கல்யாணம் கூடிவிட்டது. ஒக்கூர் மாப்பிள்ளை. வாசிக்க அவளுக்கு நேரமில்லை. நானே எழுத்துக் கூட்டி வாசித்தால் முடிவு தெரிவதற்குள் எனக்கே கல்யாணம் ஆகிவிடும். எனக்குச் சோறு இறங்கவில்லை. மருதாணி வைத்த கையைப் பிடித்து இழுத்துத் திட்டு வாங்கினேன். கடைசியில், கல்யாணத்தன்று மணவறைக்குப் பின்னால் ஊர்ந்து போனேன்.

"செத்தானா பொழச்சானா, அத மட்டும் சொல்லுக்கா."

மாப்பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினார். "யாரு மச்சான் செத்தது?"

மாமா ஒருவர் என் காதைத் திருகி வெளியே இழுத்துப் போனார். "தாலி கட்டுற நேரத்துல கேக்குற கேள்வியாடா இது?"

சாயங்காலம் ஒக்கூருக்குக் கார் கிளம்பும்போது ஜன்னலுக்குள் தலையை விட்டேன். "அவன் வீட்டுக்குத் திரும்பிப் போனானாக்கா?"

அக்கா அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த புது மனிதர்களைப் பார்த்தாள்.

"போகலடா. இங்குட்டே இருந்து பழகிட்டான்."

அந்தப் புத்தகம் எங்கே போயிற்றோ தெரியாது. அந்த வீட்டையும் தூண் தூணாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். இப்போதெல்லாம் வேற்றுக்கிரகவாசி வருகிற படம் எது வந்தாலும் அக்காவும் நானும் போய்விடுவோம். எந்தப் படத்திலும் கடைசியில் ஒரு விண்கலம் வந்து அவனை ஏற்றிப் போகும். அந்த நேரத்தில் எனக்கு இருப்புக் கொள்ளாது, அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பேன். இன்றும் படத்துக்காகவே ஒக்கூரிலிருந்து வந்திருக்கிறாள். அன்று சொன்ன முடிவு கதையில் இருந்ததுதானா என்று சற்றுமுன் முதல்முறையாகக் கேட்டேன். பூவைத் தலையில் செருகியபடி, "அந்தப் புத்தகத்துல கடைசிப் பக்கமே இல்லையேடா" என்றாள். அப்படியானால் அன்று காரில் உட்கார்ந்துகொண்டு அவள் யாரைப் பற்றி…

"டேய், அங்குட்டு என்னடா கதை அளந்துக்கிட்டு இருக்க? படம் போட்டுருவான், எந்திரிச்சு வா!"