அண்ணனைக் குளிரறைக்கு அனுப்பிய நாள்

மலேசியாவின் நீலாயில் தொழிற்சாலைகள் இருக்கும் பக்கம் நானும் என் சீன நண்பரும் முறையாக உரிமம் எடுத்து ஒரு சிறிய பீர் ஆலை நடத்துகிறோம். ஒரு பக்கம் கார் பட்டறை, இன்னொரு பக்கம் மேசை நாற்காலி செய்யும் இடம். பெரிய கம்பெனிகளோடு போட்டி போட முடியாது என்பதால், அவர்கள் தொடாத தானியங்களைப் பிடிப்போம் என்று நண்பர் சொன்னார். அப்படித்தான் கேழ்வரகுக்கு வந்து சேர்ந்தோம்.

கோலா கிளாவாங் பக்கம் மலைச்சரிவில் ஒரு குடும்பம் அதைப் பயிர் செய்கிறது. ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, பார்லியோடு சேர்த்துக் காய்ச்சுவோம். கேழ்வரகு படுத்திய பாடு கொஞ்சமில்லை. மணி சிறியது என்பதால் உடையாமலே இயந்திரத்தில் நழுவி விழும். நன்றாக உடைத்துவிட்டால் அண்டாவில் களி மாதிரி இறுகிக்கொள்ளும். முதலில் காய்ச்சியதையெல்லாம் கீழே கொட்டினோம். கடைசியில் ஒன்று சரியாக வந்து, தொட்டியில் நொதிக்கவும் ஆரம்பித்தது.

நாங்கள் காய்ச்சுவது லாகர், குளிரிலேயே நொதிக்க வேண்டிய பீர். அதற்காகத்தான் தொட்டிகளைக் குளிரறைக்குள் வைத்திருக்கிறோம். ஆரம்ப நாட்களில் சூடு ஏறினால் கனிந்த வாழைப்பழ வாசம் வந்துவிடும். பிறகு எத்தனை வாரம் குளிரில் போட்டாலும் அது முழுதாகப் போகாது. அந்த வாரம் நண்பர் உறவினர் கல்யாணத்துக்குப் பினாங்கு போயிருந்தார். அடுத்த அறுவடையைப் பார்க்க நான் கோலா கிளாவாங் போனேன்.

மதியம் பெரிய மழை. திரும்பும் வழியில் எங்கள் பட்டறை வரிசையின் காவலாளி போன் செய்தார். காலையிலிருந்தே கரண்ட் இல்லை, எப்போது வரும் என்று தெரியவில்லை என்றார். அவசரமாக வண்டியை ஓட்டினேன். மலைப்பாதையில் மண் சரிந்து, மரமும் விழுந்து, எனக்கு முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. வேறு வழியில் சுற்றினால் இருட்டிவிடும். மாற்றுச் சாவி காவலாளியிடம் இருந்தது, ஆனால் அவர் காவலை விட்டுப் போக முடியாது. ஐஸ் வாங்கிக்கொண்டு போய் அந்த அறையில் அடுக்க ஓர் ஆள்தான் வேண்டும். பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தார். அவரைக் கூப்பிடத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் என் அண்ணன். நீலாய்க்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அங்கேயே தோட்ட வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறார். ஒரு காலத்தில் சம்சு என்னும் மலிவுச் சாராயத்தைக் குடித்துக் குடித்து, விடிந்தால் கை நடுங்கும் அளவுக்குப் போனவர். லாரியைக் கால்வாயில் இறக்கிய அன்று அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்பாங்கானில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகுதான் அண்ணன் விட்டார். அண்ணி திரும்பி வந்தார். சில வருடங்களாக வீடு அமைதியாக இருந்தது. நான் ஆலை தொடங்கியபோது அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. அண்ணன் அந்தப் பக்கமே வரவில்லை.

வேறு வழியில்லாமல் அழைத்தேன். குலையை இறக்கிவிட்டு வெளியே வந்ததாக அண்ணன் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன்.

"உள்ள போகணுமா?" என்று கேட்டார்.

"போகணும்ணே. ஐஸத் தொட்டியச் சுத்தி அடுக்கணும்."

"அண்ணிகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"நீ சொல்லாத. நான் வீட்டுக்குப் போயி சொல்லிக்கிறேன்."

கதவை அகலமாகத் திறந்து, நன்றாகக் காற்றோட்டம் வந்த பிறகே உள்ளே போகச் சொன்னேன். நொதிக்கும்போது வரும் வாயு மூடிய அறையில் நின்றால் ஆளையே சாய்த்துவிடும். தலை சுற்றினால் அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மயங்கி விழுந்தால் என்ன செய்வது? விழாமல், அங்கே அடுக்கியிருக்கும் புட்டிகளில் ஒன்றைத் திறந்தால் என்ன செய்வது?

அதன் பிறகு அண்ணன் போனை எடுக்கவில்லை. காவலாளியைக் கூப்பிட்டேன். லாரி நிற்கிறது, கதவு திறந்திருக்கிறது, ஆள் உள்ளேதான் இருக்கிறார் என்றார். போய்ப் பாருங்கள் என்று கெஞ்சினேன். பார்க்கிறேன் என்றவர் திரும்ப அழைக்கவில்லை. மழையில் மனிதர்கள் மரத்தை அறுத்துக்கொண்டிருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி இருந்தேன். தொட்டி கெட்டால் கெட்டுப் போகட்டும், கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போ என்று சொல்லத்தான் மறுபடி மறுபடி அழைத்தேன்.

கடைசியில் அவரே அழைத்தார். சூட்டில் நுரை பொங்கி, தொட்டியிலிருந்து வாயு வெளியேறும் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டதாம். இரண்டு கையாலும் பிடித்து மறுபடி மாட்டியிருக்கிறார். ஐஸை அடுக்கி ஈரச்சாக்கு போட்ட பிறகு சூடு காட்டும் முள் இறங்குகிறது என்றார். குரல் தெளிவாக இருந்தது. இருந்தும் நான் ஒவ்வொரு சொல்லையும் உற்றுக் கேட்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். கரண்ட் வந்திருந்தது. அண்ணன் வெளியே லாரிப் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. கிட்டப் போகும்போதே பீர் வாசம் அடித்தது. என்னிடம் இருந்த மாற்றுச் சட்டையை நீட்டினேன்.

"சட்டைய மாத்திட்டுப் போனா அதுக்கு வேற கேள்வி வரும் லா. நீயும் கூட வா" என்றார்.

அவர் லாரிக்குப் பின்னால் என் காரை ஓட்டிக்கொண்டு செம்பனைகளுக்கு நடுவே போனேன். அண்ணி வாசலில் நின்றிருந்தார். அண்ணன் இறங்கியதுமே அண்ணியின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். நான் முந்திக்கொண்டு கரண்ட் போனது, மண் சரிந்தது, குழாய் பிடுங்கியது எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஊதுங்க" என்றார் அண்ணனிடம்.

உள்ளே பிள்ளைகள் தொலைக்காட்சி பார்ப்பதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் குனிந்து, வாயைத் திறந்து, அண்ணியின் முகத்துக்கு நேராக ஊதினார். ஐம்பதைத் தொடப்போகிறவர். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணி கண்ணை மூடி முகர்ந்து பார்த்தார். பிறகு, குளித்துவிட்டு வரச் சொன்னார். அண்ணன் உள்ளே போனதும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒங்க தொட்டி கெட்டுப்போனா வேற காச்சிக்கலாம். இனிமே இவர அங்க கூப்புடாதீங்க."

சரி என்றேன்.

மறுநாள் காலையில் அண்ணனே லாரியிலிருந்து பேசினார். வாசம் மூக்கில் ஏறியபோது கை பழையபடி நடுங்கியதாம். அதனால்தான் போனை எடுக்காமல், இரண்டு கையாலும் குழாயை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாராம். "ஒண்ணும் ஆகல. ஆனா நீ மறுபடி கூப்புட்டா நான் வரமாட்டேன்" என்றார். அவருக்கும் சரி என்றேன்.

பல வாரம் குளிரில் கிடந்து பீர் தெளிந்தது. செம்புநிறம், குடித்து முடிக்கும்போது வறுத்த கேழ்வரகு மாவின் வாசம் லேசாக வரும். நண்பருக்கு மிகவும் பிடித்துப்போனது. மெல்லிய பழ வாசம் ஒன்று அடியில் இருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது. காய்ச்சியது முழுவதும் விற்றுவிட்டது. நண்பர் ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் போட்டார்.

எனக்கு மட்டும் பயம் தெளியவில்லை. நான் காட்டிவிட்ட வாசம் அவருக்குள் எங்காவது உட்கார்ந்திருக்குமோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வேலை முடிந்ததும் பழம், ரொட்டி என்று ஏதாவது வாங்கிக்கொண்டு அந்தத் தோட்ட வீட்டுக்குப் போய்விடுவேன். அண்ணனுக்கு நெருக்கமாக உட்கார்ந்து, அவர் கண்ணையும் கையையும் பார்ப்பேன். ஒரு மாலை அவர் பின்பக்கம் போன நேரத்தில் அண்ணி தேநீர்க் கோப்பையை என் முன்னால் வைத்தார்.

"தெனம் வந்து அவர மோந்து பாக்காதீங்க தம்பி. அதுக்கு நான் இருக்கேன்" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த வருடத்தில் என்னைப் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.