சலதாரையை மூடிய வருடம்

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரை வியர்க்கத் தொடங்கும். காலையில் பாயைச் சுருட்டினால் அடியில் பாயின் அகலத்துக்கு ஈரம் படிந்திருக்கும், உள்ளங்காலில் ஏறிய குளிர் வெயில் வரும்வரை இறங்காது. "ஓதம் ஏறிடுச்சு" என்பார் அம்மா. ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டுக்கு ஓதத்தைப் போலப் பகை வேறில்லை.

ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்து, ஒரு பாதியில் நாங்களும் மறு பாதியில் சித்தப்பா குடும்பமும் இருந்தோம். அந்தச் சுவரில் ஒரு கதவு உண்டு; அதைச் சாத்தி நான் பார்த்ததில்லை. சித்தப்பா மகள் மலரும் நானும் ஆறாம் வகுப்பு, எந்தப் பாதியில் பசிக்கிறதோ அந்தப் பாதியில் சாப்பிடுவோம்.

அந்த வருடம் அப்பா எங்கள் பக்கத்துத் தரையை முக்கால் அடி உயர்த்தி டைல்ஸ் போட முடிவுசெய்தார். பின்பக்க முற்றத்தில் விழும் மழைநீர், எங்கள் சமையலறைக்கு அடியில் ஓடிய "சலதாரை" வழியாகத்தான் தெருவுக்குப் போகும். மண் கொட்ட வந்த மேஸ்திரி அதைப் பார்த்துத் தயங்கினார்.

"இத்த மூடிட்டா முத்தத்துத் தண்ணி எங்கங்க போவும்?"

"அப்புறமா பைப்பு போட்டுக்கலாம். மழைக்கு முன்னாடி ஜல்தி முடி" என்றார் அப்பா. பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் காதில் அது தெளிவாக விழுந்தது.

டைல்ஸ் பதித்த அடுத்த வாரமே அடைமழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை சித்தி அலறிய சத்தம் கேட்டு நடுக்கதவுக்கு ஓடினோம். முற்றத்துத் தண்ணீர் போக வழியில்லாமல் அவர்கள் பக்கம் திரும்பி, நெய்பவர் கால் வைக்கும் தறிக்குழியை நிரப்பி, தரைக்கு மேல் அரை அடி ஏறியிருந்தது. தறியில் நெய்து சுருட்டியிருந்த கல்யாணப் புடவை நனைந்து, சிவப்புக் கரையின் சாயம் மஞ்சள் உடலெல்லாம் ஓடியிருந்தது.

சித்தப்பா கத்தவில்லை. "அண்ணா, சலதாரைய மூடிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"மேஸ்திரி மூடிட்டான் போலக்குதுபா. எனக்கு எப்படித் தெரியும்?"

மலர் என் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமாடி?"

"தெரியாது" என்றேன். நான் நின்றுகொண்டிருந்த டைல்ஸ் காய்ந்திருந்தது.

அந்த வாரமே அப்பா இரண்டு வரிசை டைல்ஸை உடைத்து, பைப்பு போட்டார். "ஒசத்தறதுக்கு முன்னாடி தம்பிய ஒரு வார்த்த கேட்டிருக்கணும்" என்றார் அம்மா. பொங்கல் முடிந்ததும் சித்தப்பா தறியைப் பிரித்து விற்றுவிட்டு, களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் வேலைக்குச் சேர்ந்து, குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டார். அவர்கள் பாதியை வாங்கியவர் நடுக்கதவைச் செங்கல் வைத்து அடைத்தார்.

போன ஐப்பசியில் ஆரணி பஸ் ஸ்டாண்டில் மலரைப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தாள். நலம் விசாரித்து முடித்தபின், இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரியும் மலரு. மேஸ்திரி கேட்டத நான் கேட்டுகினுதான் இருந்தேன்."

அவள் கோபப்படவில்லை. "எங்கப்பாவுக்குந்தான் தெரியும். மழ விட்டதும் மேஸ்திரியே வந்து சொல்லிட்டாரு. பெரிப்பா வாயால ஒரு வார்த்த வந்துடும்னு பொங்கல் வரைக்கும் காத்துகினு இருந்தாரு" என்றாள்.

களம்பூர் பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவரும் கேட்க வேண்டியவரும் இன்று இல்லை.