மணியண்ணன் சுட்ட கம்பிக்கயிறு

மணியண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் லேபில் விளக்குப் பெட்டிக்குள் இரண்டு நீலத் துணிகளை வைத்து நிறம் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டைம் ஆபீசிலிருந்து போன். மெயின்டனன்ஸ் சுப்பிரமணி அண்ணன் காலையில் தவறிவிட்டார், ஊத்துக்குளிக்கு வண்டி போகிறது, வருகிறீர்களா என்று கேட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த இரண்டு துணிகளும் பொருந்துவதாகக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் பார்த்தால் பொருந்தவே இல்லை. அழுகையெல்லாம் பிறகுதான் வந்தது.

நம் சாயப்பட்டறையில் அவரைத் தெரியாதவர் இல்லை. எந்த மோட்டார் முனகினாலும் படியேறும்போதே எது என்று சொல்லிவிடுவார். இரங்கல் கூட்டத்தில் பேசிய நீங்கள் எல்லோரும் அவர் பீடியை விட்ட கதையைத்தான் சொன்னீர்கள். ஆயுத பூஜையன்று எல்லோர் முன்னிலையிலும் பீடிக்கட்டைக் குப்பையில் போட்டார். பஞ்சு பறக்கும் இடத்தில் நெருப்பை விட்ட மனிதர் என்று முதலாளி சால்வை போர்த்தினார். அந்தப் போட்டோ இன்றைக்கும் நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. அந்தக் கதையில் பாதிதான் உண்மை. மீதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சால்வை வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. துபாயிலிருந்து வந்த மைத்துனர் ஒரு மின்சிகரெட்டைக் கொடுத்திருந்தார். தடை செய்த சாமான். ஒரு மதியம் மணியண்ணன் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு லேபுக்கு வந்தார். உள்ளே இருக்கும் கம்பிச் சுருளைக் கழற்றி நாமே மாற்றிக்கொள்ளும் வகை அது. புகையாகும் திரவத்தை உறிஞ்சித் தர, சுருளுக்கு நடுவே திரியாகப் பஞ்சு வைக்க வேண்டுமாம். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"நாள் பூரா மூக்குல பஞ்சு. இதுலயும் பஞ்சாங்க அம்மிணி?" என்றார்.

பஞ்சுக்குப் பதிலாக அவர் கண்டுபிடித்த திரிதான் எஸ்.எஸ். கயிறு. சாயத்துக்குப் போடும் உப்பு கலந்த காற்றில் துருப்பிடிக்காமலிருக்க, சாயப் பிரிவில் டியூப் லைட்டுகளை மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிக்கயிற்றில்தான் தொங்கவிட்டிருக்கிறோம். அதில் மிஞ்சிய துண்டு ஒன்றை விரல் நீளத்துக்கு வெட்டினார். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார். நூல் எரித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் கேஸ் பர்னரில் இடுக்கியால் பிடித்துச் சிவக்கச் சுட்டு, தண்ணீரில் போட்டார். மறுபடி சுட்டார். கயிறு பொன்னிறமாகி, நீலமாகி, கடைசியில் கறுத்தது. அந்தக் கறுப்புத் தோல்தான் சுருளின் மின்சாரம் கயிற்றில் பாயாமல் தடுக்கும் என்று விளக்கினார். "அவசரப்பட்டா ஆவாதுங்க. நாலு தடவ சுடோணும்" என்பார். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுப் பனியன் துணி வியர்வையை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்க, துணி நாடாவைச் சாயத் தண்ணீரில் தொங்கவிட்டு, தண்ணீர் ஏறும் உயரத்தை அளப்போம். அதே ஸ்டாண்டில் அவருடைய கயிற்றைத் தொங்கவிட்டு அளந்தவள் நான். கம்பி இடுக்குகளில் தண்ணீர் சரசரவென்று ஏறியது. எங்கள் பனியன் துணியே தோற்றுவிட்டது என்று சிரித்தோம். கிளம்பும்போது, மனைவி சரசக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சால்வையை அந்தம்மா சாமி படத்துக்குக் கீழே மடித்து வைத்திருந்தாராம். நானும் ஒப்புக்கொண்டேன்.

அதன்பின் வாரம் ஒருமுறை வருவார், சுடுவார், போவார். போன ஐப்பசியில் பழைய கயிறு தீர்ந்து ஸ்டோருக்குப் புது ரோல் வந்தது. பார்க்க அச்சு அசல் அதேதான். சுட்டபோது தீ பச்சையாக எரிந்து வெள்ளைப் புகை எழும்பியது. மேஜை மேல் பஞ்சுத் தூசி போல வெள்ளையாக ஏதோ படிந்தது. இது எஸ்.எஸ். இல்லை, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கயிறு, இந்தப் புகை ஆகாது என்று சொன்னேன்.

"எண்ணெய் போற மாதிரி இதுவும் போயிருமுங்க. நாலு தடவைக்கு ஆறு தடவயாச் சுட்டாப் போச்சு" என்றார்.

அவருடைய கவனமே அவருக்கு எமனாகிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஆறு தடவையும் குனிந்து அந்தப் புகையில்தான் நின்றார். அன்று மாலை குளிரில் வெடவெடவென்று நடுங்கியபடி ஷிப்ட் முடித்துப் போனார். காலையில் ஒன்றுமே நடக்காதது போல வந்து நின்றார். அடுத்த வாரமும் அதே குளிர், அதே நடுக்கம். இருமலைப் பற்றிக் கேட்டால், முன்பு வேலை பார்த்த நூல் மில்லில், லீவு முடிந்து தூசிக்குள் போனதும் வரும் திங்கட்கிழமை இருமல்தான் என்றார். இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். லேப் சாவி என்னிடம்தான் இருந்தது. ஒரு நாள்கூட நான் பூட்டவில்லை.

மார்கழியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போனபோது டாக்டர் படுக்கையருகே நின்று, புகை பிடிப்பாரா என்று சரசக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா கொஞ்சம் பெருமையாகவே நிமிர்ந்தார்.

"அதெல்லாம் உட்டு மூணு வருசமாச்சுங்க. வேணும்னா இவிங்களக் கேளுங்க, கூட வேல பாக்குறவிங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். ஆக்சிஜன் மாஸ்க்குக்கு மேலே மணியண்ணனின் கண்களும் என்னைத்தான் பார்த்தன. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். டாக்டர் எழுதிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் போன் வந்தது.

எதனால் போனார் என்று என்னால் சொல்ல முடியாது. நூல் மில் தூசி உண்டு, பழைய பீடியும் உண்டு. ஆனால் டாக்டருக்குத் தெரிந்திருந்தால் வேறு எதையாவது பார்த்திருப்பார்.

இதையெல்லாம் என்னோடு புதைத்துக்கொள்ளத்தான் நினைத்திருந்தேன். காரியத்துக்குப் போய்விட்டு வேலைக்குத் திரும்பிய அன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லேபுக்குள் நுழைந்தேன். பர்னர் இன்னும் சூடாக இருந்தது. மேஜை மேல் வெள்ளைத் தூசி புதிதாகப் படிந்திருந்தது.

அவர் போன பிறகும் வேறு யாரோ சுட்டிருக்கிறார்கள். அன்று மாலையே ஊத்துக்குளிக்குப் போய்ச் சரசக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை.

"அவரு மறச்சாரு, செரி. நீங்க ஏனுங்க அம்மிணி தலய ஆட்டுனீங்க?"

பட்டறையில் எல்லோருக்கும் எழுதிச் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் வாசலில் வந்து சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

மணியண்ணனிடம் கற்றுக்கொண்டு இப்போது சுடுவது உங்களில் யார் என்று எனக்குத் தெரியாது. அந்த ரோலை ஸ்டோரிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன், லேபையும் பூட்டுகிறேன். ஆனால் வெட்டிக்கொண்டு போன துண்டுகள் உங்களிடம் இருக்கின்றன. சாயங்காலம் குளிர் எடுத்தால் டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். மணியண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது சரசக்காவின் அந்தக் கேள்விதான். அதை உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் வந்து என்னிடம் கேட்கும்படி வைத்துவிடாதீர்கள்.